முதலில் ஃபோட்டோ அனுப்புங்க

நேற்று ராத்திரி மறுபடியும் ஒரு விளம்பரம் வந்தது. பாங்காக் ஓரத்தில் ஒரு பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டுமாம். “நேட்டிவ் ஸ்பீக்கர் ஒன்லி. மஸ்ட் டு ஹேவ் குட் கிராமர்.” ‘மஸ்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன வாரம்தான் கரும்பலகை தேயத் தேய எழுதிக் காட்டினேன். ஆனால் ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை, அதாவது நான் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ இல்லை. அந்த விளம்பரத்துக்கு விண்ணப்பிக்க எனக்குத் தகுதி இல்லை.

நான் மதுரைக்காரன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். ஊரில் ஆறு வருடம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தேன். தாய்லாந்தில் இது ஏழாவது வருடம். விசா, வேலை அனுமதிப் புத்தகம், ஆசிரியர் உரிமம், போலீஸ் சான்றிதழ், 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் ‘இன்னும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று முகவரி சொல்வது, இதெல்லாம் எல்லா வெளிநாட்டுக்காரனுக்கும் உள்ள தலைவலிதான். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

இந்த ஊரில் ஆங்கில வாத்தியார் வேலைக்கு முதலில் கேட்பது பட்டத்தை அல்ல, ஃபோட்டோவை. இரண்டு வருடம் முன்னால் ஒரு ஏஜென்சிக்கு எல்லாச் சான்றிதழும் அனுப்பியிருந்தேன். அங்கிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். “முதலில் ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, டீச்சர்.” அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பு.

“டீச்சர், நீங்கள் கணக்கு எடுப்பீர்களா?”

“இல்லை, நான் ஆங்கில ஆசிரியர்.”

“இந்தியர்களுக்குக் கணக்கு நன்றாக வருமே?”

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது 52. அதையும் அப்பா ஒரு வாரம் சொல்லிக் காட்டினார். என் மூஞ்சியைப் பார்த்து அல்ஜீப்ரா தெரியும் என்று முடிவு செய்த முதல் மனுஷி அந்த அம்மாதான். ஆங்கிலம் தெரியும் என்று மட்டும் அந்த மூஞ்சி சொல்லவில்லை போல.

இப்போது இருக்கும் பள்ளியில் என் பக்கத்து மேஜையில் ஒரு கிழக்கு ஐரோப்பிய நண்பர். நல்ல மனிதர், சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஐஸ் டீ குடிக்கப் போவோம். அவருடைய தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பள்ளியின் பளபளப்பான விளம்பரத் தாளில் மட்டும் அவர் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’. படமும் அவருடையதுதான் பெரிசு. அவருக்குச் சம்பளம் 38,000 பாட், எனக்கு 24,000. ‘ஹேவ் பீன்’ எங்கே வரும், ‘ஹேட் பீன்’ எங்கே வரும் என்று திங்கட்கிழமை காலையில் அவர் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவார். அவர் மேல் கோபம் இல்லை. அந்த 14,000 பாட் எதற்கு என்றுதான் கேட்கிறேன். தோலுக்கா?

சரி, பாஸ்போர்ட்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் முழு உண்மை இல்லை. முன்பு எங்களோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். இங்கிலாந்தில் லெஸ்டரில் பிறந்து வளர்ந்தவள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட், வீட்டில் மட்டும் குஜராத்தி. வாயைத் திறந்தால் அசல் லெஸ்டர். ஒரு வருடம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: “உண்மையில் நீங்கள் எந்த ஊர்?” பாவம், ‘லெஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லிச் சலித்துக் கடைசியில் “பரோடா” என்று சொல்ல ஆரம்பித்தாள். அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் திருப்தி. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் கதையை எடுத்தால் இந்தப் பதிவு முடியாது. இந்த நாட்டுப் பள்ளிகளில் பாதி பாரத்தைச் சுமப்பது அவர்கள்தான். சம்பளப் பட்டியலில் எங்களுக்கும் கீழே.

தென் கொரியாவில் இதை ஒளித்து மறைக்காமல் எழுதியே வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர் எடுக்கும் எபிக் திட்டத்தில் சேர அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாடுகளின் குடிமகனாக இருக்க வேண்டும். நாடாளுமன்றச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் ஆங்கிலத்தில் எழுதும் இந்தியா அந்த ஏழில் கிடையாது.

‘தாய்மொழிக்காரன்தான் சிறந்த ஆசிரியன்’ என்பது வெறும் மாயை என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-லேயே எழுதிவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான நம் சுரேஷ் கனகராஜா இதையே எத்தனையோ கட்டுரைகளில் பிரித்து மேய்ந்துவிட்டார். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசால், இந்தப் பாகுபாடு கூடாது என்று 2006-இல் அறிக்கையே விட்டது. நல்லது. ஏஜென்சி அம்மாவிடம் யாராவது அதை ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தாய்லாந்துப் பிள்ளைகளின் நாக்கு எங்கே தடுக்கும் என்று தெரியும். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் ‘ஸ்’ நிற்காது, ‘ல்’ நிற்காது. ‘பஸ்’ என்றால் ‘பட்’ ஆகிவிடும். ‘ஃபுட்பால்’ ‘ஃபுட்பான்’ ஆகும். சாப்பிட்டு முடித்துக் கடையில் ‘செக் பின்’ என்று கேட்பார்கள், பில் கொண்டு வருவார்கள். ‘லைக்’, ‘லைட்’, ‘லைஃப்’ மூன்றும் சில பிள்ளைகள் வாயில் ஒரே ‘லை’. நேட்டிவ் ஸ்பீக்கர் இதற்குச் செய்வது என்ன? அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்வார். அவருக்கு அந்த ‘ஸ்’ தொட்டிலிலேயே வந்துவிட்டது, எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

எனக்குத் தெரியும். ஏனென்றால் நமக்கு இதே வியாதி தலைகீழாக உண்டு. அவர்கள் கடைசி எழுத்தை விழுங்குவார்கள், நாம் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுவோம். பஸ்ஸு, காரு, பில்லு. என் வாயிலிருந்து அந்த ‘உ’வைப் பிடுங்க எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒரு வருடம் பாடுபட்டார். ஆகவே நான் வகுப்பில் முதலில் ‘பஸ்ஸு’ என்று தமிழ்நாட்டு மாதிரி சொல்லச் சொல்வேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் அந்த ‘உ’வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வேன். கடைசியில் ‘உ’ போய்விடும், ‘ஸ்’ நின்றுவிடும். 11 வயதுப் பிள்ளைகள் 40 பேர் பாம்பு மாதிரி ‘பஸ்ஸ்ஸ்’ என்று சீறுவதைக் கேட்க வேண்டுமே! இதற்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் முத்திரை கிடையாது.

இதில் பெரிய வேடிக்கை, இங்கே ஆசிரியருக்குப் பெயரே ‘க்ரூ’. நம் குருதான். ஒரு நாளைக்கு முப்பது தடவை என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள். ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை குரு வணக்கம் நடக்கும். பிள்ளைகள் அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ எல்லாம் தட்டில் வைத்து முழங்காலில் வந்து காலடியில் வைப்பார்கள். அருகம்புல்லைப் பார்த்ததும் எனக்குப் பிள்ளையார் கோயில் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். அதே வாரம் ஏதாவது ஒரு அம்மா வகுப்பு வாசலில் நின்று ஆசிரியை ஒருவரிடம், “கேக்கா பாடம் எடுக்கிறார்?” என்று மெதுவாகக் கேட்பார். (வெட்டும் கேக் இல்லை. இந்தியர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அர்த்தம் ‘விருந்தாளி’.) பாங்காக்கின் சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலுக்கும் ஊர் வாயில் ‘வாட் கேக்’ என்றுதான் பெயர். மாரியம்மனே இத்தனை காலமாக விருந்தாளியாக இருக்கும்போது ஏழு வருடத்து வாத்தியார் எம்மாத்திரம்.

தாய்லாந்துக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் இல்லை. போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுத்தாவணியிலிருந்து வீடு வரைக்கும் எல்.கே.ஜி. சேர்க்கைக்கான ஃப்ளெக்ஸ் பேனர்கள். ஒவ்வொன்றிலும் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை டை கட்டிக்கொண்டு சிரிக்கிறது. மதுரையில் அந்தக் குழந்தையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் பேனரிலும் அதே குழந்தைதான். அப்போது அதை எங்கள் வாசலில் கட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏஜென்சி அம்மாவும் நானும் ஒரே தொழில்தான் செய்திருக்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்து தொலைத்தது. சித்தப்பா வேறு, கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், “ஏம்ப்பா, வெள்ளைக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறியாமே?” என்றார். “ஆமா சித்தப்பா” என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை, அந்தத் திங்கட்கிழமை ‘ஹேவ் பீன்’ இருக்கிறதே.

இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். என் ஐஈஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு வருடம்தான் செல்லுமாம், பால் பாக்கெட் மாதிரி. பக்கத்து மேஜை நண்பரிடம் இந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. நான் மறுபடி சுளையாகப் பணம் கட்டி, அடுத்த மாதம் போய் உட்கார வேண்டும். பேச்சுத் தேர்வில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: படிக்கிறீர்களா, வேலை பார்க்கிறீர்களா, என்ன வேலை? போன தடவை, “ஆங்கில ஆசிரியர்” என்றேன். எதிரில் இருந்தவர் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தத் தடவை கணக்கு வாத்தியார் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.