இந்தத் தவளைக்கண்ணை விற்க மாட்டேன்

"இந்தக் காசுக்கு ஒரு வேகன் ஆர் வாங்கியிருக்கலாமே" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. நியாயமான கேள்விதான். வேகன் ஆரில் ஏசி இருக்கிறது. கதவைத் திறக்க வெளியே கைப்பிடி இருக்கிறது. மழை வந்தால் ஏற்றிவிடக் கண்ணாடி இருக்கிறது. என்னுடைய 1959ஆம் ஆண்டு ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. பின்பக்கத்துச் சாமான் அறைக்கு மூடிகூட வைக்கவில்லை. உதிரிச் சில்லை எடுக்க வேண்டுமென்றால் ஆசனத்தின் முதுகை மடக்கிவிட்டு, தோள் வரை உள்ளே நுழைந்து, இருட்டில் தடவித் தடவி இழுக்க வேண்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற நாளில்தான் டயரும் காற்றுப் போகும்.

முன்விளக்குகள் இரண்டும் பொனெட்டின் மேல் புடைத்து நிற்பதால் உலகம் முழுக்க இதற்குத் தவளைக்கண் என்றே பெயர். படுத்து எழும்பும் விளக்குகளாகத்தான் முதலில் வரைந்தார்கள். செலவு கூடுகிறது என்று அந்தப் பொறியைக் கைவிட்டதும் கண்கள் விழித்தபடியே நின்றுவிட்டன. கஞ்சத்தனத்தால் அழகு வந்த பொருள்கள் உலகில் அதிகம் இல்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஏன் இத்தனை பித்து என்று பேச்சு எழுந்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: பழைய நாள் ஏக்கம். சிறுவயதில் அப்பா ஓட்டிய கார், பக்கத்து வீட்டு வாசலில் பளபளத்து நின்ற கார். கையில் காசு சேர்ந்ததும் அந்த வயதை விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறார்களாம். வெள்ளைக்காரருக்கு அது பொருந்தலாம். பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் பிறந்தவருக்கும் பொருந்தலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவனுக்கு எப்படிப் பொருந்தும்?

ஸ்பிரைட்டை 1958 மே மாதம் மொண்டி கார்லோவில் வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் அதைப் பூட்டி இறக்கிக்கொண்டிருந்த அந்த நாள்களில் என் தாத்தா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவருக்கென்று ஒரு நாடு இல்லை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து அவரைப் போன்றவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. தோட்டத்து ரோட்டில் தோட்டத்தை நடத்தும் துரையின் கார் வந்தால் எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், ஆண்கள் தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும். பெரிய துரைக்குப் பெரிய கார். கல்யாணமாகாத சின்னத்துரைக்குத்தான் இந்த மாதிரி இரண்டு பேர் உட்காரும் கார். அப்பாயிக்கு அந்தக் கார்களைப் பற்றி நினைவில் இருந்தது புழுதி ஒன்றுதான்.

இலக்கத்தகட்டையும் சொல்லிவிடுகிறேன். என் காரின் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 1957இல் அந்த எழுத்தை வாகனங்களில் கட்டாயமாக்கியபோது வடக்கிலும் கிழக்கிலும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 1958இல் மலையகத்திலும் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். நான் ஒவ்வொரு மாதமும் அந்தத் தகட்டைத் துணியால் துடைத்துவைக்கிறேன். இதில் ஒரு முரண் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் துடைக்கிறேன்.

ஆக, நான் ஏங்கித் திரும்பிப் பார்க்க அந்தக் காலத்தில் எனக்கென்று ஓர் ஆசனம் இருக்கவில்லை. இரண்டே ஆசனம் உள்ள காரில் நிச்சயமாக இல்லை. ஆனாலும் பித்துப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் ஏக்கத்தைக் கழித்த பிறகும் இந்தக் காரில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், அது இந்த மலை.

கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரைட்டின் எஞ்சின் 948 சிசி. 43 குதிரைவலு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றுக் குறைந்தால் எஞ்சின் எரிப்பதும் குறையும். 43 குதிரையில் எட்டு, ஒன்பது குதிரைகள் கினிகத்தேனைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் எங்கோ இறங்கிப் போய்விடுகின்றன. புதிய கார்களுக்கும் இந்த இழப்பு உண்டு. ஆனால் அவற்றின் கணினி காற்றை அளந்து, அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்து, ஓட்டுகிறவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் சமாளித்துவிடும். என் காரில் அந்த வேலையைச் செய்ய நான் மட்டுமே இருக்கிறேன்.

காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க இதில் இரட்டை எஸ்யூ காபரேட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப மேலும் கீழும் அசையும். அதன் அடியில் ஒரு கூர்மையான ஊசி பெற்றோல் வரும் துவாரத்துக்குள் ஏறி இறங்கும். ஊசி ஏற ஏறத் துவாரம் அகலும், பெற்றோல் கூடும். அவ்வளவுதான் முழுப் பொறியும். (இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பத்தின் தொழில் சப்பாத்து. முதலில் செய்த காபரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்தது. வீட்டில் கிடந்த பொருளைத்தானே மனிதர் முதலில் எடுப்பார்!) உயரம் ஏறினால் இந்த அமைப்பு தானாகவே ஓரளவு சமாளிக்கும். ஆனாலும் பெற்றோல் சற்று மிஞ்சிவிடும். புகைக் குழாயில் வாடை மாறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மாரி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய முனை கரிபிடித்திருக்கும்.

அப்போது செய்ய வேண்டியது இது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே பொனெட்டைத் தூக்க வேண்டும். இந்தக் காரில் பொனெட் என்றால் மட்காட், விளக்கு எல்லாம் சேர்ந்த முழு முகமும்தான், நல்ல பாரம். காபரேட்டரின் பக்கத்தில் வேறொரு சிறு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் ஒரு மயிரளவு தூக்கினால் பிஸ்டன் சற்று எழும்பும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் போதாது. ஒரு நொடி கூடித் திரும்பவும் பழைய நிலைக்கு வந்தால் சரி. அதிகம் என்றால் அடியில் இருக்கும் ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை மேலே திருக வேண்டும். பிறகு ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு காபரேட்டர்களின் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, சீறல் சமமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நானுஓயா ரயில் நிலையத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இதைச் செய்துகொண்டிருந்தால், "தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா?" என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள்.

இந்த மலையில்தான் நான் பிறந்தேன், படித்தேன், வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் ஏறி இறங்கிய இத்தனை காலத்தில் உயரம் என்பது எனக்குக் குளிராக மட்டுமே தெரிந்திருந்தது. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் காற்று மெலிகிறது என்பதைச் செவியாலும் விரல் நுனியாலும் உணர்ந்தது இந்தக் காருக்குப் பிறகுதான். வேறு எந்த வாகனமும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களின் பித்துக்கு நான் தரும் விளக்கம் இதுதான்: பழைய கார் நம்மிடம் எதையும் மறைப்பதில்லை. மேட்டை மேடாகவே காட்டும், மழையை மழையாகவே மடியில் ஊற்றும்.

வளைவுகளும் அப்படித்தான். இதன் உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர் சொச்சம். நெடுஞ்சாலையில் வேன்காரன்கூட ஹோன் அடித்துவிட்டு முந்திப் போவான். இறம்பொடையில் நிலைமை வேறு. முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது, அதாவது கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைத் தானாகச் சமன்செய்யும் பொறி. கொண்டை ஊசி வளைவில் பாதி ஏற்றத்தில் முதல் கியர் வேண்டுமென்றால் கிளச்சை ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, எஞ்சினை ஒரு முறை உறும வைத்து, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். சரியாக விழுந்தால் ஒரு சத்தமும் வராது. பிழைத்தால் லபுக்கலை வரை கேட்கும். இறக்கத்தில் நான்கு சில்லிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று நம் தோட்டத்து லொறிக்காரர்கள் சொல்லும் பழைய பாடத்தை இங்கே மீற முடியாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு கை, இரண்டு கால், இரண்டு காது எல்லாவற்றுக்கும் முழு வேலை கிடைக்கிறது. 300 குதிரைவலுக் காரை இந்த வீதியில் கொண்டுவருபவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அதன் கால்வாசியைக்கூட அவர் இங்கே எங்கும் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தப் பார்ப்பவர்களைப் பற்றி அடுத்த நாள் பத்திரிகையில் வாசிக்கிறோம்.

வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று ஏப்ரலில் இடம் இருக்கிறது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ரதல்லையில் நடக்கும் போட்டி தேயிலைத் தோட்டத்தின் நடுவிலேயே ஓடுகிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் படும் முன்னரே சத்தத்தை வைத்து என்ன கார் என்று பந்தயம் கட்டுவோம். ஓட்டியவர்களில் எங்கள் ஆள் என்று ஒருவரும் இல்லை. சத்தம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

ஆனால் ஓட்டியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தக் கதை பிழைத்துவிடும். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமார் ஊர் திரும்பிய பிறகு அவர்களின் கார்கள் இங்கேயே கைமாறின. அவற்றை இத்தனை காலம் சாகாமல் வைத்திருந்தவர்கள் யார்? தேயிலைப் பெக்டரி ரோலரில் கை பழகிய பிட்டர்கள், லொறிப் பட்டறையில் வளர்ந்த பையன்கள், ஒரு புத்தகத்தையும் பாராமல் காதால் எஞ்சின் பார்த்தவர்கள். எனக்குக் காபரேட்டர் சொல்லித்தந்த ஹட்டன் கராஜ்காரர் அப்படிப்பட்டவர். முதல் தடவை என் காரைப் பார்த்ததும், "இது வேறொன்றும் இல்லை தம்பி, மொரிஸ் மைனர்தான், மேக்கப் போட்டிருக்கிறது" என்றார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. எஞ்சின் மொரிஸ் மைனரில் இருந்த அதே வகை. ஸ்டியரிங் றாக்கும் மைனருடையது. முன்பக்கச் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35இல் இருந்து வந்தது. ஏழைக்கும் எட்டும் விலையில் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய வேண்டுமென்று கையில் இருந்த பாகங்களையே எடுத்துப் பூட்டினார்கள். ஏழை என்றால் இங்கிலாந்து ஏழை, நம் கணக்கு வேறு.

அந்தக் கஞ்சத்தனம்தான் இங்கே காரைக் காப்பாற்றியது. மொரிஸ் மைனர் இலங்கையில் செத்ததே இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றுக்கு இலங்கையிலேயே தகட்டுப் பாகங்கள் செய்து அனுப்பிய காலமும் உண்டு. ஆகவே என் காரின் கேஸ்கட், வோட்டர் பம்ப், கிளச் எதுவும் அபூர்வப் பொருள் இல்லை. கண்டிக்குப் போனால் கிடைக்கும், சில நேரம் ஹட்டனிலேயே கிடைக்கும்.

எனக்குக் கோபம் வருவது ஓரிடத்தில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது முதல் பழைய கார்களைத் தங்கம் போல வாங்கிப் பதுக்கும் ஒரு கூட்டம் கிளம்பியது. வாங்குவார்கள், மூடிய கொட்டகையில் நிறுத்துவார்கள், விலை ஏறக் காத்திருப்பார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நிறுத்திவைத்த காரில் பிரேக் ரப்பர் இறுகும், டேங்கில் துரு பிடிக்கும், காபரேட்டர் துவாரத்தில் பிசின் கட்டும். அவர்கள் வைத்திருப்பது காருடைய விலைச்சீட்டை. என்னிடமும் சிலர் தொகை சொல்லிக் கேட்டார்கள். சொன்ன தொகையில் ஒரு வேகன் ஆர் வாங்கி மிச்சமும் வைக்கலாம். (சொந்தக்காரர்கள் இதை வாசிக்கக் கூடாது.)

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் ஆள்கள் இரவு பகலாகக் கிடந்தபோது இந்தக் காரை நான் வெளியே எடுக்கவில்லை. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தபோதும் எடுக்கவில்லை. லயத்தில் மா விலைக்கு அழுதுகொண்டிருந்தவர்களின் முன்னால் தவளைக்கண்ணில் உலாப் போக எனக்கு முகம் இல்லை. இது ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் நாள்சம்பளத்தோடு இதை ஒப்பிட்டு ஒருவர் கேட்டால் நான் வாதாடப் போவதும் இல்லை. ஆடம்பரத்துக்கும் வாங்கி அடுக்கும் ஆசைக்கும் இடையில் வேறுபாடு உண்டு என்று மட்டும் சொல்வேன்.

போன வாரம் டிக்கோயாப் பக்கம் போனேன். தாத்தா கவ்வாத்து வெட்டிய அதே தோட்டத்து ரோடு. கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கினார்கள். நான் நிறுத்திவிட்டேன். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஓர் அம்மா கேட்டார். சொன்னேன். காரை முன்னும் பின்னுமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவுக்குப் பிடிகூட இல்லையே, இதற்கா இவ்வளவு காசு கொடுத்தாய்?" என்றார். அவரும் சொந்தக்காரர்தான், தூரத்து முறை.

ஒரு உதவி வேண்டும். இந்த மொடலில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீற்றரைச் சுழற்ற டைனமோவின் பின்பக்கம் ஒரு சிறு கியர்ப் பெட்டி பூட்டியிருக்கும். என்னுடையது பல் தேய்ந்து, முள் நினைத்தபோது மட்டும் அசைகிறது. பழைய சாமான் குவியலில் யாரிடமாவது கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கொள்கிறேன். காரை விலை கேட்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.