ஊறுகாய்க்கு அரிந்த மனிதர்கள்

பல வருடங்களுக்கு முன்பு நண்பன் ஒருவனின் கல்யாண வரவேற்பில் என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். பந்தி போட இன்னும் நேரம் இருந்தது. மேடையில் கச்சேரிக்காரர்கள் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கோ படித்த ஒரு கதையை எடுத்துவிட்டேன். ஆதியில் மனிதர்களுக்கு நாலு கை, நாலு கால், இரண்டு முகம். கடவுள் அவர்களை இரண்டாக வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொருவரும் தன்னுடைய மறுபாதியைத் தேடி அலைகிறார்கள். இன்று இதோ இவன் கண்டுபிடித்துவிட்டான். "இதைச் சொன்னவர் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அந்த நூலை முழுசாகப் படித்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. அப்போதுதான் தெரிந்தது, நான் மைக்கில் சொன்னது ஒரு நகைச்சுவை நாடகக்காரரின் வாயில் பிளேட்டோ வைத்த கதை. அதே நூலில், நாற்பது ஐம்பது பக்கத்துக்குள்ளேயே, அந்தக் கதைக்கு மறுப்பும் இருக்கிறது. கணவனோ மனைவியோ 'பெட்டர் ஹாஃப்' என்று அறிமுகப்படுத்தப்படும்போதெல்லாம் எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு, தாமதமான ஒரு பிராயச்சித்தம்.

நூலின் பெயர் 'சிம்போசியம்'. நம் இன்ஜினியரிங் கல்லூரிகளில் பேப்பர் வாசித்துச் சான்றிதழ் வாங்கும் நிகழ்ச்சிக்கு வைத்திருக்கிறோமே, அதே சொல்தான். கிரேக்கத்தில் அதற்குச் 'சேர்ந்து குடிப்பது' என்று பொருள். கி.மு. 416-இல் ஏதென்ஸில் அகத்தான் என்ற இளம் நாடகாசிரியர் போட்டியில் பரிசு வாங்கியதைக் கொண்டாடும் விருந்து. முந்தைய நாள் குடித்ததே இன்னும் தெளியவில்லை என்று பலரும் புலம்புவதால், இன்று யாரையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், ஆளுக்கொரு உரையாகக் காதலைப் புகழ்ந்து பேசுவோம் என்று முடிவாகிறது. குழல் வாசிக்க வந்த பெண்ணை, 'உனக்கு நீயே வாசித்துக்கொள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் பெண்களுக்கு வாசி' என்று அனுப்பிவிடுகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் பேசும் காதலும் பெரும்பாலும் வயதான ஆணுக்கும் பதின்வயதுப் பையனுக்கும் இடையிலானது. இன்றைக்கு நமக்கு அது குற்றம். அதை மூடி மறைத்துவிட்டு 'கிரேக்கர்களின் உன்னதக் காதல்' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பாதிக் கதையைச் சொல்பவர் அரிஸ்டோஃபனீஸ். கி.மு. 423-இல் 'மேகங்கள்' என்ற நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டுக் கேலி செய்த அதே ஆள். தன் முறை வரும்போது அவருக்கு விக்கல் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த வைத்தியர், மூச்சைப் பிடி, கொப்பளி, கேட்காவிட்டால் மூக்கைக் கிளறித் தும்மு என்று மருந்து சொல்லிவிட்டு அவருக்குப் பதில் தான் பேசுகிறார். தும்மி முடித்த மனிதர்தான் கதையை ஆரம்பிக்கிறார்.

உருண்டையான அந்த ஆதி மனிதர்கள் தேவர்களோடு சண்டைக்குப் போகிறார்கள். கொன்றுவிட்டால் பலி கொடுக்க ஆளிருக்காதே என்று தேவர்களின் தலைவரான ஜீயஸ் யோசிக்கிறார். இரண்டாக வெட்டினால் பலமும் குறையும், எண்ணிக்கையும் கூடும். நல்ல கணக்கு! ஊறுகாய்க்குக் காய் அரிவதுபோல, முட்டையை முடியால் அறுப்பதுபோல வெட்டித் தள்ளுகிறார். அப்போலோ தோலை இழுத்துச் சுருக்குப்பை மாதிரி முடிச்சுப் போடுகிறார், அதுதான் தொப்புள். இன்னும் அடங்காவிட்டால் மறுபடி வெட்டுவேன், ஒற்றைக் காலில் நொண்டித் திரிவீர்கள் என்று எச்சரிக்கை வேறு. நான் மேடையில் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஆதி மனிதர்கள் மூன்று வகை: ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண். கல்யாண மேடைக்குப் பொருந்துவது மூன்றாவது வகைதான். பிறன்மனை தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வகையிலிருந்து வந்தவர்கள் என்கிறார் அரிஸ்டோஃபனீஸ். பெரியப்பா அப்போதும் கைகுலுக்கியிருப்பாரா தெரியவில்லை.

ஆனாலும் இந்தக் கதை வெறும் கிண்டல் இல்லை. நடுவில் ஓர் இடம் வரும். கொல்லர்களின் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் தன் கருவிகளோடு வந்து, அணைத்துக் கிடக்கும் இருவரிடம் கேட்கிறார்: உங்களுக்கு என்னதான் வேண்டும்? இரண்டு பேரையும் உருக்கி ஒன்றாக்கிவிடட்டுமா? செத்த பிறகும் பாதாளத்தில் ஒருவராகவே இருக்கலாமே? வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார் என்கிறது கதை. இருபது வயதில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசியாகச் சாக்ரடீஸ் பேசுகிறார். காதலைப் பற்றித் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாண்டினியா ஊர்க்காரியான டியோட்டிமா என்று சொல்லி, அவர் சொன்னதாகவே எல்லாவற்றையும் சொல்கிறார். (வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் இப்படி ஓர் ஆணின் வாய் வழியாகத் திரும்பி வருகிறார்கள்.) டியோட்டிமா பாதிக் கதையை ஒரே போடாகப் போடுகிறார்: தன்னுடையது என்பதற்காக யாரும் எதையும் நேசிப்பதில்லை. கெட்டுப்போய்விட்டது என்று தோன்றினால் மனிதர்கள் தங்கள் சொந்தக் கையையும் காலையுமே வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். அப்புறம் பாதி என்ன, முழுசு என்ன? நல்லதாக இருந்தால்தான் மனம் அதை நாடும்.

அவர் சொல்லும் பிறப்புக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அழகுத் தெய்வமான அஃப்ரோடைட்டின் பிறந்தநாள் விருந்தில், அமுதம் குடித்து மயங்கி ஜீயஸின் தோட்டத்தில் தூங்குகிறான் போரோஸ். எதற்கும் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவன். வாசலில் பிச்சைக்கு நிற்கிறாள் பெனியா, அதாவது வறுமை. இவனிடம் ஒரு பிள்ளை பெற்றால் என் கஷ்டம் தீரும் என்று அவன் பக்கத்தில் போய்ப் படுக்கிறாள். பிறக்கும் பிள்ளைதான் ஈரோஸ், காதல். வீடு கிடையாது, காலில் செருப்பு கிடையாது, தெருவிலும் வாசற்படியிலும் தூக்கம். ஆனால் அப்பன் புத்தி, எப்படியாவது ஒரு வழி பண்ணிவிடுவான். கையில் கிடைத்ததெல்லாம் ஒழுகிப் போய்க்கொண்டே இருக்கும். இல்லாமையும் சாமர்த்தியமும் சேர்ந்தது காதல் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

ஆனால் டியோட்டிமா அதோடு நிறுத்துவதில்லை. ஓர் அழகான உடலில் ஆரம்பித்து, எல்லா உடல்களின் அழகு, பிறகு மனத்தின் அழகு, சட்டங்களின் அழகு, அறிவின் அழகு என்று ஏறி, கடைசியில் 'அழகு' என்பதையே பார்க்க வேண்டும் என்கிறார். பிற்காலத்தில் 'பிளேட்டோனிக் காதல்' என்று பேர் வாங்கியது இதுதான். இங்கேதான் எனக்குப் பிளேட்டோவோடு மனஸ்தாபம். ஏணியில் இரண்டாம் படிக்குப் போனதுமே, முதலில் நேசித்த ஆள் அற்பமாகத் தெரிய வேண்டுமாம். அவர் பாவம், வெறும் படிக்கட்டுதானா?

பிளேட்டோவுக்கே இது உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். சாக்ரடீஸ் பேசி முடித்ததும் அரிஸ்டோஃபனீஸ் பதில் சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் கதவு தட்டப்படுகிறது. முட்டக் குடித்துவிட்டு, தலையில் ஐவிக்கொடி மாலையோடு அல்கிபியாடீஸ் என்ற ஏதென்ஸ் அரசியல்வாதி உள்ளே வருகிறான். அரிஸ்டோஃபனீஸின் பதில் கடைசிவரை வருவதே இல்லை. வந்தவன் காதலைப் பற்றிப் பேச மாட்டேன், சாக்ரடீஸைப் பற்றித்தான் பேசுவேன் என்கிறான். ஒரே போர்வைக்குள் ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும், அப்பாவோடோ அண்ணனோடோ தூங்கி எழுந்த மாதிரிதான் இருந்தது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறான். இவரைப்போல ஒருவர் முன்னாலும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை என்கிறான். ஏணியெல்லாம் அவனுக்குத் தெரியாது. அந்த ஒரே ஆள் வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடம் சிசிலிப் படையெடுப்புக்குக் கிளம்பிப் போய், ஊரில் வழக்கு என்றதும் எதிரியான ஸ்பார்ட்டாவிடமே சேர்ந்துகொண்டவன் இவன். ஆகவே இவனையும் கொண்டாட முடியவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட, பிளேட்டோவிடம் இருபது வருடம் இருந்த அரிஸ்டாட்டில்தான் என் ஆள் என்று இப்போது தோன்றுகிறது. 'அரசியல்' நூலில் அவர் அந்தப் பாதிக் கதையை நேராகவே தொடுகிறார்: இரண்டு பேர் ஒன்றாக உருகினால், இருவருமோ, குறைந்தது ஒருவரோ அழிந்துதானே போக வேண்டும்? கொல்லர் தெய்வத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

ஒழுக்கவியல் பற்றிய பத்து அத்தியாய நூலில் முழுசாக இரண்டு அத்தியாயத்தை அவர் ஃபிலியாவுக்கே ஒதுக்கியிருக்கிறார். அதை 'நட்பு' என்று மொழிபெயர்த்தால் போதாது. தாய்-பிள்ளை, கணவன்-மனைவி, ஒரே கப்பலில் பயணம் போகிறவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். (ஒவ்வொரு பிப்ரவரியிலும் 'கிரேக்கத்தில் காதலுக்கு ஏழு சொற்கள்' என்று ஒரு பட்டியல் சுற்றி வருமே, அதில் இருக்கும் 'லூடஸ்' லத்தீன் சொல். காதல் வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தவர் ஜான் ஆலன் லீ என்ற கனடாக்காரர், 1973-இல்.) ஒயினை நமக்குப் பிடிக்கும், ஆனால் ஒயின் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒயினுக்காக யாரும் ஆசைப்படுவதில்லை, நாம் குடிக்கும்வரை கெடாமல் இருந்தால் போதும் என்கிறார் அரிஸ்டாட்டில். சிலருடைய காதலைப் பார்க்கும்போது இந்த ஒயின் ஞாபகம்தான் வருகிறது. பிறகு, சேர்ந்து உப்பு தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் எடுத்துப் போடுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவரும் யோக்கியர் இல்லை. ஆள்பவன் ஆண், ஆளப்படுபவள் பெண், அதுதான் இயற்கை என்று அதே 'அரசியல்' நூலில் எழுதியவர். ஆனால் கி.மு. 322-இல் இறந்தபோது விட்டுப்போன உயில் ஒன்று இருக்கிறது. என்னை எங்கே புதைத்தாலும் பிதியாஸின் எலும்புகளையும் அங்கேயே கொண்டுவந்து வையுங்கள், அவள் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள் என்கிறார். பிதியாஸ் அவருக்கு முன்பே இறந்துபோன மனைவி. பிறகு கூட வாழ்ந்த ஹெர்பில்லிஸுக்கும் ஏற்பாடு இருக்கிறது. என்னிடம் நன்றாக நடந்துகொண்டவள், கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்பினால் தகுதியான ஆளுக்குக் கொடுங்கள், கால்கிஸில் இருக்க விரும்பினால் தோட்டத்தை ஒட்டிய வீடு, ஸ்டகிராவில் என்றால் என் அப்பாவின் வீடு. எந்த வீட்டைக் கேட்டாலும், அவளுக்குப் பிடித்த மாதிரி தட்டுமுட்டுச் சாமான்களும் வாங்கிப் போட்டுக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார்.