மணல் கொட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

"இந்த மாதிரிக் குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு பூங்கா கட்டிக் கொடுத்தா நல்லா இருக்கும்ல?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதறுகிறது. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் என் மகளுக்கு வேண்டியது தனிப் பூங்கா இல்லை. தெருப்பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்களோ அங்கேயே அவளும் விளையாட வேண்டும். ஒன்பது வயது, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), வீல்சேரில்தான் போவாள். தெரபி, சிறப்புப் பள்ளி, வீடு என்று அவள் பொழுது முழுக்கப் பெரியவர்களோடு போகிறது. "நீ அவுட்டு, போ" என்று அவளோடு சண்டை போட அவள் வயதில் ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தடை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மாடும் பைக்கும் நுழையக் கூடாது என்று வளைந்து நெளிந்து போகிற கம்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். வீல்சேரும் நுழையாது. பெரிய கேட்டைத் திறக்கச் சொன்னால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். உள்ளே போனால் ஊஞ்சலைச் சுற்றி மணல். விழுந்தால் அடிபடாது என்று போடுகிறார்கள், சரிதான். அந்த மணலில் முன்சக்கரம் புதைந்தால் பின்னால் தள்ளுகிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நகராது. அதனால்தான் சொல்கிறேன், விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தரையைப் பற்றிப் பேசுங்கள். வாசலிலிருந்து ஊஞ்சல் வரை மேடுபள்ளமில்லாத பாதை, ஊஞ்சலுக்குக் கீழே ரப்பர் தளம். ரப்பர் நம் ஊர் வெயிலில் கொதிக்கும், ஆகவே மேலே நிழல். சாய்தளம் என்றால் அரை அடி உயரத்துக்கு ஆறடி நீளமாவது வேண்டும். நம் ஊரில் போடுகிற பல சாய்தளங்களில் வீல்சேரை ஏற்றினால் பின்னால் கவிழும்.

சாமானிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லிபர்ட்டி ஸ்விங் என்று ஓர் ஊஞ்சல் வந்தது. வீல்சேரோடு அப்படியே ஏறி ஆடலாம். அதுவரை ஊஞ்சலே ஆடாத பிள்ளைகள் ஆடினார்கள், அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கனமான சாமான் என்பதால் பல இடங்களில் சுற்றி வேலி போட்டுப் பூட்டி வைத்தார்கள். சாவி வாங்கி வர வேண்டும். உள்ளே ஒரு குழந்தை தனியாக ஆடும், மற்ற பிள்ளைகள் வெளியே நின்று பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டாம். தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம் வேண்டும். வீல்சேர் அப்படியே உருண்டு ஏறும், பக்கத்திலேயே நாலு பிள்ளைகள் நின்றுகொண்டு சுற்றலாம். சிங்கப்பூரில் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் 2015-லேயே அப்படி ஒன்று வைத்துவிட்டார்கள்.

வீல்சேரை மட்டும் நினைத்துக் கட்டினாலும் பாதிதான். ஆட்டிசம் உள்ள பிள்ளை சட்டென்று ரோட்டுக்கு ஓடிவிடும் என்று பயந்தே வெளியே கூட்டிவராத அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சுற்றுச்சுவரும் ஒரே வாசலும்தான் பெரிய வரம். சத்தம் தாங்காதபோது ஒதுங்கி உட்கார ஒரு மூலை வேண்டும். பார்வையில்லாத பிள்ளை காலால் உணர்ந்து நடக்கத் தரையில் வேறுபாடு வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்கு முதுகு சாய்கிற, பெல்ட் வைத்த ஊஞ்சல் வேண்டும். கழிப்பறை வேண்டும், அதில் பெரிய பிள்ளையைப் படுக்கவைத்து உடை மாற்ற ஒரு மேடை வேண்டும். இது இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குடும்பமும் தங்காது.

அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கார்டன் ஹார்ட்மேன் என்ற தந்தை 2010-இல் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார். விடுமுறையில் ஒரு நீச்சல் குளத்தில் மாற்றுத்திறன் கொண்ட அவருடைய மகள் மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போக, அந்தப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அங்கிருந்துதான் அந்த எண்ணம் பிறந்தது. எனக்கு அதைவிட நெருக்கமானது பெங்களூரின் கிலிகிலி அமைப்பு. பெற்றோர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. புதிதாக இடம் கேட்கவில்லை, கோல்ஸ் பார்க் போல ஏற்கெனவே இருக்கிற பொதுப் பூங்காக்களுக்குள்ளேயே மாநகராட்சியோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சென்னையிலும் சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி அப்படி ஒரு விளையாட்டிடம் அமைத்திருக்கிறது. மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேர் கடல்வரை போக மரப்பாதை திறந்தபோது எத்தனை பேர் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் போய் அழுதார்கள், நினைவிருக்கிறதா? அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பிறகு சரிசெய்தார்கள். கட்டுவதோடு முடிவதில்லை, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இது யாரும் போடுகிற பிச்சையும் இல்லை. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு விளையாட்டையும் உரிமையாகவே சொல்கிறது.

பூங்காவுக்கு வருகிற மற்ற பெற்றோர்களுக்கு ஒன்று. உங்கள் பிள்ளை என் மகளைப் பார்த்து "ஏன் அந்த அக்கா நடக்கல?" என்று கேட்டால் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவளிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்வாள், பிறகு உன் பேர் என்ன என்று கேட்பாள்.

எங்கள் பூங்காவைப் புதுப்பிக்க இப்போது அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெண்டர் விட்டபிறகு போனால் "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்பார்கள். அதனால் வாசல், தரை, கழிப்பறை மூன்றையும் எழுதி கவுன்சிலரிடம் மனு கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மாற்றுத்திறன் பிள்ளை இல்லாத வீட்டுக் கையெழுத்துகள்தான் எனக்கு அதிகம் வேண்டும்.