'அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்'

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றேகால் மணி. காலைக்குள் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், என் குழுவில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வேலையைக் குறித்து அனுப்பினேன். கூடவே பெரிய மனதுடன், 'அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்' என்று ஒரு வரி சேர்த்தேன். பத்தாவது நிமிடம் முடித்த வேலை வந்து நின்றது. 'டன் சார்.'

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பையன் பொறுப்பானவன் என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். அந்த மதிப்பெண்தான் அப்புறம் தூங்கவிடவில்லை. அதே குழுவில் ஒரு பெண் இருக்கிறார். ஆறு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை வரை எந்தச் செய்திக்கும் பதில் வராது. அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவரைப் பற்றி என் மனதில் ஒட்டியிருந்த சொல், 'ஈடுபாடு கொஞ்சம் குறைவு'. இந்தக் கணக்கை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்தில் கொண்டுவந்தன. நல்ல சட்டங்கள். ஆனால் என்னைப் போன்றவர்களின் மண்டைக்குள் ஓடும் மதிப்பெண் பட்டியலை எந்தச் சட்டம் பிடிக்கும்? மேலே இருப்பவன் 'அவசரமில்லை' என்று எழுதுவதைக் கீழே இருப்பவர் எப்படிப் படிப்பார் என்பது எனக்குத் தெரியாததா? நானும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்து 'டன் சார்' அனுப்பியவன்தான்.

ராபர்ட் ஓவன் என்ற ஆலை முதலாளி 1817 வாக்கிலேயே ஒரு முழக்கம் வைத்தார்: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் மனமகிழ்வு, எட்டு மணி நேரம் உறக்கம். முதலாளியே சொன்னது, கவனியுங்கள். 1886-ல் சிகாகோவில் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி உயிரைக் கொடுத்தார்கள். 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலை பற்றியதுதான். இத்தனை நடந்தும் அந்த முழக்கத்தில் நமக்கு நினைவிருப்பது முதல் எட்டு மட்டும். நடு எட்டு எங்கே போனது? பயணத்தில் கொஞ்சம், வீட்டு வேலையில் கொஞ்சம், மிச்சம் போனில். தப்பித்தவறி அரை மணி நேரம் கிடைத்தால் அதிலும் ஓர் ஆன்லைன் கோர்ஸ்.

பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1930-ல் எழுதும்போது, நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்ற நிலை வரும் என்று கணித்தார். வளர்ந்த நாடுகளின் செல்வம் பல மடங்காகும் என்றும் சொன்னார். செல்வம் பெருகியது, நேரம் மட்டும் வரவில்லை. அவரே உடம்பு முடியாத நிலையிலும் ஓயாமல் உழைத்து 1946-ல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார் என்பது தனிக் கதை.

சரி, ஓய்வுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இல்லையா? நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நெருடலே அவர்கள் பேசும் விதத்தில்தான். பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, சம்பளத்தைக் குறைக்காமல் வாரம் நான்கு நாள் வேலை என்று ஆறு மாதம் சோதித்துப் பார்த்தன. முடிவில் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்வதாகச் சொல்லின. நல்ல செய்தி. ஆனால் அதை எல்லோரும் எப்படிச் சொன்னார்கள்? 'வருமானம் குறையவில்லை, பாருங்கள்!' குறைந்திருந்தால்? அந்த ஐந்தாவது நாள் அவர்களுக்கு உரியது இல்லை என்று ஆகிவிடுமா?

'நன்றாகத் தூங்கினால் நன்றாக வேலை செய்யலாம்', 'விடுமுறை எடுத்தால் புது யோசனை வரும்', 'ரீசார்ஜ் ஆகிவிட்டு வா'. எல்லாமே அன்பான பேச்சுதான். ஆனால் பேட்டரியை ஏற்றுவது யாருக்காக? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டிருக்கின்றன. இத்தனை உயிர் போயும், ஓய்வு கேட்கிறவன் இன்னும் லாபக் கணக்கைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்கு காட்டாமல் கேட்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் கெல்லாக்ஸ் நிறுவனம் 1930-ல் தன் ஆலையில் எட்டு மணி நேர ஷிப்டை ஆறாகக் குறைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கூடுதல் சம்பளம் போதும் என்று பெரும்பாலோர் எட்டுக்கே திரும்பினார்கள். ஒரு பகுதியினர் மட்டும் மாட்டோம் என்று நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1985 வரை விடவில்லை. பணம் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு மணி நேரம் எங்களுடையது என்றவர்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்திருக்கிறது.

வேலையை நேசிப்பவர்களுக்கு நேரம் தெரியாது என்பீர்கள். தெரியாதுதான். எனக்கும் அப்படி நாட்கள் உண்டு. அந்த நாட்களை வைத்து அடுத்தவரை அளப்பதுதான் தப்பு. இரண்டு வேலை பார்த்தால்தான் மாதம் ஓடும் என்பவரிடம் போய் ஓய்வைப் பற்றிப் பேசுவதும் அபத்தம். அவருக்கு முதலில் ஒரு வேலையிலேயே போதுமான கூலி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பற்றி இதே தோரணையில் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க ஓய்வெடுக்கிற அன்னைக்குத்தான் எனக்கு வேலை ஜாஸ்தி, தெரியுமா?" பதில் இல்லை. மீதித் துணியை நான் மடித்தேன். மடித்த விதம் சரியில்லை என்று அவள் மறுபடி மடித்தாள். அது வேறு விஷயம்.

இப்போது இரவில் எது தோன்றினாலும் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிய மதிப்பீட்டில் 'ஈடுபாடு' என்ற கட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த இளைஞரிடம் ஒரு நாள், "சாயங்காலம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி, "ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் இருப்பேன்" என்றார். சும்மா இருப்பதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

எனக்கே அது இன்னும் பழகவில்லை. போன ஞாயிறு போனை அலமாரிக்குள் வைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை இறங்கி வந்து பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.