ஹனோயில் ஓட்டலுக்குள் அடைந்து கிடக்காதீர்கள்

அலுவலகப் பயணத்தில் மூன்று வேளையும் தங்கும் ஓட்டலிலேயே சாப்பிடுவது நல்லது என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். வயிறு கெட்டால் மீட்டிங்கும் கெடும், சரிதான். ஆனால் வியட்நாம் தலைநகர் ஹனோய் மாதிரி ஊரில் அப்படி இருந்துவிட்டு வருவது பெரிய இழப்பு.

வேலையாக நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். காலை ஆறரைக்கே பழைய நகரத்துக்குள் நடக்கக் கிளம்பிவிடுவேன். பல தெருக்களின் பெயர் ‘ஹாங்’ என்று தொடங்கும், வியட்நாமிய மொழியில் விற்பனைச் சரக்கு என்று அர்த்தம். ஹாங் பாக் என்றால் வெள்ளித் தெரு, இன்றும் அங்கே நகைக்கடைகள் உண்டு. நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆவி பறக்கும் ஃபோ (அரிசி நூடுல்ஸ் சூப்) ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

மதியத்துக்கு புன் சா. கரி அடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி, மீன் சாஸ், வினிகர், சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான சாறு, இடியாப்பம் போல மெல்லிய அரிசி நூடுல்ஸ், தட்டு நிறையப் பச்சைத் தழைகள். புகை வாசனையும் புளிப்பும் இனிப்பும் ஒன்றாகச் சேரும் அந்த ருசி நாக்கிலேயே நிற்கிறது. வயிறு பயமென்றால் தழைகளை மட்டும் தவிர்த்துவிடலாம்.

அப்புறம் முட்டைக் காபி. 1946இல் பால் தட்டுப்பாட்டின்போது, மஞ்சள் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து உருவானது. கட்டாயம் குடியுங்கள்.

சாலையைக் கடக்கும்போது ஓடவும் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். ஒரே சீராக மெதுவாக நடந்தால் ஸ்கூட்டர்கள் விலகிப் போகும். வெள்ளி மாலை வேலை முடிந்தால் ஹோவான் கியெம் ஏரிப் பக்கம் போங்கள். வாரக்கடைசியில் அங்கே வண்டிகளை விடுவதில்லை, குழந்தைகள் சாலையிலேயே விளையாடுவார்கள்.