மாடியில் ஏசி, கீழே வடாம்

(இடம்: வேலூர், சத்துவாச்சாரி. மாடியில் ஒண்டிக்கட்டை செந்தில். கீழே வீட்டுக்காரம்மா கோகிலா. ஏப்ரல் கடைசி வாரம். கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்கிறது காலண்டர். வேலூர் வெயிலுக்குக் காலண்டர் பார்க்கும் பழக்கம் கிடையாது. ஆட்டோவில் வந்த ஒரு பழைய ஜன்னல் ஏசி, சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு மாடி ஏறிவிட்டது. வடாம் கரண்டியோடு கோகிலாவும் பின்னாலேயே ஏறி வருகிறார்.)

கோகிலா: தம்பி, என்னவோ பெரிசாக இறங்கியதே. பிரிட்ஜா, பீரோவா?

செந்தில்: ஏசி அம்மா. செகண்ட் ஹேண்ட். ஒன்றரை டன்.

கோகிலா: எந்த ஜன்னலில் வைக்கப் போகிறாய்?

செந்தில்: இதோ, இந்தத் தெற்கு ஜன்னலில்.

கோகிலா: அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்.

செந்தில்: உங்கள் கயிற்றுக் கட்டில்.

கோகிலா: கட்டில் மேலே?

செந்தில்: வடாம்.

கோகிலா: வடாம் பக்கத்தில்?

செந்தில்: நாற்காலி. காக்காய் ஓட்ட நீங்கள் உட்காருவது.

கோகிலா: சரி. இப்போது சொல், இதை எதன் மேல் நிறுத்தப் போகிறாய்?

செந்தில்: ஜன்னல் கட்டையே தாங்கும் அம்மா. பின்னால் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, துணி காயப்போடும் நைலான் கயிற்றால் ஒரு கட்டு. முடிந்தது.

கோகிலா: முடிந்துவிடும்தான். எடை என்ன தெரியுமா?

செந்தில்: ஆட்டோக்காரரும் நானும் தூக்கினோம். இனிமேல் இந்தத் தெருப் பக்கமே சவாரி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலா: ஒன்றரை டன் என்பது குளிர்விக்கும் அளவு. எடை 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு மூட்டை சிமென்ட்டைக் கொடிக்கயிற்றில் கட்டி என் தலைக்கு மேலே வைக்கிறேன் என்கிறாய். மூட்டையாவது சும்மா இருக்கும். இது ஓட ஓட உதறிக்கொண்டே இருக்கும். அந்தக் கயிறும் இந்த வெயிலில் ஒரு கோடைக்கே நார் நாராக உதிர்கிறது.

செந்தில்: ஜன்னல் சட்டம் தேக்கு என்றீர்களே?

கோகிலா: எப்போது சொன்னேன்?

செந்தில்: வாடகை பேசும்போது.

கோகிலா: வாடகை பேசும்போது தேக்கு. பாரம் தாங்கும்போது வேம்பு. கீழ்க்கட்டையைத் தட்டிப் பார்.

(செந்தில் தட்டுகிறான். உள்ளே ஆளில்லாத வீட்டின் சத்தம். ஓரத்திலிருந்து பொடி கொட்டுகிறது.)

செந்தில்: கரையானா?

கோகிலா: உனக்கு முன்னால் குடிவந்தவர்கள். அவர்களும் மாசம் அஞ்சாம் தேதிக்கு மேல்தான் வாடகை தருவார்கள். அதை விடு. இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடிக்கச் சொல். சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கணும். வெறும் பூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போல்ட் வேண்டாம், செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கணும். பாரம் முழுக்க ஸ்டாண்டில்தான். ஜன்னல் சட்டம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும்.

செந்தில்: கிரில்லை அறுக்கணுமே அம்மா.

கோகிலா: அறு. அறுத்த இடத்தைச் சுற்றி வெளிப்பக்கம் கூண்டு வைத்து வெல்டிங் அடித்துவிடு. இல்லாவிட்டால் ஏசியை உள்ளே தள்ளிவிட்டு எவனாவது ஏறி வருவான். அது சரி, இது ஏன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது?

செந்தில்: ஆட்டோவில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. படுக்கவைத்தே கொண்டுவந்தேன். ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று இப்போதுதான் பிளக்கை...

கோகிலா: கையை எடு! கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கும். படுக்கப் போட்டால் அது குழாய்க்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்து நாலைந்து மணி நேரமாவது அப்படியே விடு, எண்ணெய் கீழே இறங்கட்டும். எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் இன்றைக்கே இது பீரோதான்.

(செந்தில் நிமிர்த்துகிறான். கோகிலா உதவவில்லை. கரண்டியால் திசை மட்டும் காட்டுகிறார்.)

செந்தில்: ஆ! விரல்!

கோகிலா: பின்னால் இருக்கிற அலுமினியத் தகட்டைப் பிடித்தாயா? அது கீறும். உன்னால் அதுவும் மடங்கிப் போகும். தடித்த கையுறை ஒன்று வாங்கிக்கொள். கம்ப்ரசர் இருக்கும் பக்கம்தான் பாரம் கூட, அதைப் பார்த்துப் பிடி. அது என்ன பையில், ஸ்க்ரூடிரைவரா?

செந்தில்: கழற்றி உள்ளே கொஞ்சம் துடைக்கலாம் என்று. பிளக் சொருகவே இல்லையே, என்ன ஆகிவிடும்?

கோகிலா: உள்ளே கெபாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கி இருக்கும். மெக்கானிக் துடைக்கட்டும்.

செந்தில்: உங்களுக்கு எப்படி அம்மா இதெல்லாம்...

கோகிலா: லாங்கு பஜாரில் எலக்ட்ரிக்கல் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் பில் போட்டவள் தம்பி நான். அது கிடக்கட்டும், பிளக் எங்கே சொருகப் போகிறாய்?

(செந்தில் பெருமையோடு கட்டிலடியிலிருந்து ஒரு வெள்ளை ஜங்ஷன் பாக்ஸை இழுக்கிறான். போன் சார்ஜர், கொசு மெஷின், மேஜை விசிறி. ஒரே ஒரு இடம் காலி.)

செந்தில்: ஏசி பிளக் இதில் நுழையாது, முள் தடிமன். அதற்குத்தான் கன்வெர்ஷன் பிளக் வாங்கி வைத்திருக்கிறேன்.

கோகிலா: கொடு, பார்க்கிறேன். இதை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் ஒரு மாதத்தில் கடைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள் தெரியுமா? கையில் இதே பிளக் இருக்கும். துளையைச் சுற்றி முதலில் பழுப்பு, அப்புறம் கருப்பு. ஒரு பக்கம் உருகி உதடு பிதுங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மீன் வாடை. 'சரக்கு சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்' என்பார்கள்.

செந்தில்: நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோகிலா: முதலாளி கல்லாவில் இருந்தால் இன்னொன்று விற்பேன். அவர் சாப்பிடப் போயிருந்தால் உண்மையைச் சொல்வேன்.

செந்தில்: என்ன உண்மை?

கோகிலா: ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் அதைவிடப் பல மடங்கு. உன் பெட்டி 6 ஆம்பியர். அதிலும் கொசு வேறு பங்குக்கு வருகிறது.

செந்தில்: அதிகமானால் ஃபியூஸ் போய்விடுமே அம்மா, பயமென்ன? அதுவும் இப்போது போவதில்லை. முன்பு அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. நான்தான் இரண்டு இழை கம்பி சேர்த்துக் கட்டினேன். அப்புறம் ஒரு நாள் கூடப் போகவில்லை.

(கோகிலா பேசவில்லை. கரண்டி மட்டும் லேசாக ஆடுகிறது. அதிலிருந்த கூழ் ஒரு சொட்டு மெத்தையில் விழுகிறது. இருவருமே அதைத் துடைக்கவில்லை.)

கோகிலா: எப்போது கட்டினாய்?

செந்தில்: பொங்கலுக்கு.

கோகிலா: பொங்கலிலிருந்து நான் கீழே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். தம்பி, போவதுதான் ஃபியூஸுக்கு வேலை. அதைப் போகவிடாமல் செய்தால் சுவருக்குள் ஒயர் போகும். ஒயருக்கு அப்புறம் வீடு. உனக்கென்ன, அட்வான்ஸ் மட்டும்தான் போகும்.

செந்தில்: இப்போதே கழற்றிவிடட்டுமா?

கோகிலா: நீ எதையும் தொடாதே. எலக்ட்ரீஷியன் வரட்டும். ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கொள். ஃபியூஸ் கட்டைகளைத் தூக்கிவிட்டு, லைன்களைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, புது டிபி. அதிலிருந்து ஏசிக்கென்றே தனி லைன். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், பாரம் மீறினால் தானே விழுகிற 20 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச், சுவரிலேயே 16 ஆம்பியர் பவர் பிளக். அந்த லைனில் வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு கூடத் தொங்கக் கூடாது.

செந்தில்: எர்த்?

கோகிலா: கேட்டாயே, நல்ல பிள்ளை.

செந்தில்: இல்லை, அந்த எர்த் முள்ளை அறுத்துவிட்டாலும் ஏசி ஓடும் என்று விற்றவர் சொன்னார்.

கோகிலா: ஓடும். அந்த முள் ஏன் மற்ற இரண்டையும்விட நீளம் என்று யோசித்தாயா? சொருகும்போது எர்த் முதலில் தொடணும், பிடுங்கும்போது கடைசியாக விடணும். இது முழுக்க இரும்புத் தகடு, உள்ளே தண்ணீர் வேறு. எங்காவது ஒயர் தோல் உரிந்து தகட்டைத் தொட்டால் கரண்ட் பூமிக்கு இறங்க எர்த் ஒரு வழி. அதை அறுத்துவிட்டால் நீதான் வழி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடுகிற ஆர்சிசிபி ஒன்றும் எழுது.

செந்தில்: அம்மா, ஏசி விலையைவிட இந்தப் பேப்பர் விலை மேலே போகிறது.

கோகிலா: ஏசியோடு என்ன கொடுத்தார்?

செந்தில்: ரிமோட்.

கோகிலா: பேட்டரி?

செந்தில்: இல்லை.

கோகிலா: அதையும் எழுது. அடுத்து, எந்தப் பக்கம் சாய்த்து வைப்பாய்?

செந்தில்: சாய்ப்பதா? கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி, நூல் பிடித்த மாதிரி நேராக வைப்பேன்.

கோகிலா: நேராக வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று யோசிக்கும். கடைசியில் உன் மெத்தைக்கு வரும். வெளிப்பக்கம் கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம் தாழ்வாக இருக்கணும்.

செந்தில்: அப்போது தண்ணீர் வெளியே சொட்டும். கீழே...

கோகிலா: சொல், கீழே?

செந்தில்: பின்னால் துளையில் ஒரு டியூப் சொருகிவிடுகிறேன்.

கோகிலா: இப்போதுதான் மூளை குளிர்கிறது. டியூபைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடு. ரொம்பவும் சாய்த்துவிடாதே. பின்தட்டில் தேங்குகிற தண்ணீரை விசிறி அள்ளிச் சூடான சுருள்மேல் தெளிக்கிற மாதிரிதான் நிறைய ஏசிகள் வருகின்றன. சளக் சளக்கென்று கேட்கும். கோளாறு என்று நினைத்துத் தட்டில் ஆணியடித்து ஓட்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

செந்தில்: மழைக்குச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிடவா?

கோகிலா: பக்கவாட்டில் வரிசையாகத் திறப்பு இருக்கிறது பார். அது வழியாக வெளிக்காற்றை இழுத்து, பின்பக்கமாகச் சூட்டைத் தள்ளும். அதை மூடினால் தன் சூட்டைத் தானே குடித்துக் கொதிக்கும். மேலே ஒரு தகரம் போதும். அந்தத் திறப்பு சுவருக்குள்ளும் புதையக் கூடாது.

செந்தில்: சுற்றி வரும் சந்தில் பழைய பேப்பரைத் திணிக்கலாமா?

கோகிலா: திணி. அணில் படிக்கும். பிளைவுட் அடித்து ஓரத்தில் ஃபோம் ஒட்டப்பா.

செந்தில்: சரி. அம்மா, ஒரு சந்தேகம். அந்தச் சூடான காற்று பின்னால் எங்கே போகும்?

கோகிலா: எங்கே போகும், நேராக என் கட்டிலுக்கு மேலே... (நிறுத்துகிறார். முகத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது.) ராத்திரியிலும் வருமா?

செந்தில்: ராத்திரியில்தான் அம்மா வரும்.

கோகிலா: அப்போது வடாம் ராத்திரியிலும் காயும். சரி, அந்த ஜன்னலே இருக்கட்டும். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எதற்கு ஒன்றரை டன்? ஒற்றை ஆளுக்கு ஒரு டன் போதுமே. இது ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் போகும்.

செந்தில்: மலிவாக வந்தது. அப்புறம், 16-ல் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கணும் என்று ரொம்ப நாள் ஆசை.

கோகிலா: 16-ல் வைத்தால் சீக்கிரம் ஒன்றும் குளிராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020-லிருந்து புது ஏசி எல்லாம் போட்டவுடன் 24-ல்தான் நிற்கிறது. அதிலேயே வை. மாட்டுகிற அன்றைக்கு இரண்டு ஆள் வேண்டும். முதலில் காலிக் கூட்டை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்க்ரூ முடுக்கணும். அப்புறம் உள்ளே இருக்கும் இயந்திரத்தை அறையிலிருந்தே அதற்குள் தள்ளணும். முழுசாகத் தூக்கி ஜன்னலில் வைக்கிற வீரமெல்லாம் வேண்டாம். கீழே ஒரு ஈ காக்காய் நிற்கக் கூடாது.

செந்தில்: நீங்கள்?

கோகிலா: நான் அன்றைக்கு ராணிப்பேட்டையில், தங்கச்சி வீட்டில்.

(செந்தில் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். கோகிலா படிவரை போய்த் திரும்புகிறார். வீட்டுக்காரர்கள் முக்கியமான விஷயத்தைப் படியில் நின்றுதான் சொல்வார்கள்.)

கோகிலா: தம்பி, லீவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். நாலு பேர்.

செந்தில்: வரட்டுமே அம்மா, சந்தோஷம்.

கோகிலா: கீழே ஒரே வெக்கை.

செந்தில்: ஆமாம்.

கோகிலா: இந்த அறையில் பாய் விரித்தால் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

செந்தில்: ஒற்றை ஆளுக்கு ஒரு டன் போதும் என்றீர்களே...

கோகிலா: ஒற்றை ஆளுக்கு. ஆள் கூடினால் உடம்புச் சூடும் கூடுமில்லையா? நல்லவேளை, ஒன்றரையாகப் பார்த்து வாங்கினாய்.

செந்தில்: நான் எங்கே அம்மா படுப்பது?

கோகிலா: கீழே கயிற்றுக் கட்டில் சும்மாதானே இருக்கிறது. ராத்திரியில் வடாமைத் தரைக்கு இறக்கிவிடுகிறேன்.

செந்தில்: அந்தக் கட்டிலா? ஏசிக்கு நேர் கீழேயா?

கோகிலா: ஆங்கர் போல்ட்டைப் பார்த்துப் போடு.