எழுபது கிலோ செல்லம்

(கிரேட் டேன் இன நாய்க்குட்டி வீட்டுக்கு வர இன்னும் ஒரு வாரம். தம்பி முரளி வாங்கிக் குவித்திருக்கும் சாமான்களை அக்கா கமலா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறாள்.)

கமலா: இது என்னடா, பூக்கூடையா?

முரளி: படுக்கை அக்கா. உள்ளே வெல்வெட். தையல் கெட்டி, ஆயுசுக்கும் உழைக்கும்.

கமலா: ஆறு மாதத்தில் இதைத் தொப்பியாகப் போட்டுக்கொள்ளும். வளர்ந்த கிரேட் டேன் 60, 70 கிலோ வரும். உன் எடை என்ன?

முரளி: 62.

கமலா: அப்போ உனக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அதற்கும் அவ்வளவு வேண்டும்.

முரளி: சரி, என் கட்டிலிலேயே படுக்கட்டுமே.

கமலா: படுக்கட்டும். நீ இந்தக் கூடையில் படுத்துக்கொள். அது சரி, இந்த மூன்று பாட்டில் எதற்கு?

முரளி: கால்சியம் டானிக். பெரிய நாய், பெரிய எலும்பு. கணக்கு சரியாக இருக்கிறதா?

கமலா: கணக்கு சரி, பதில்தான் தப்பு. முதலில் இதைத் திருப்பிக் கொடு. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தனி உணவு விற்கிறார்கள். அதில் கால்சியத்தை அளந்துதான் சேர்த்திருப்பார்கள். வளர்ந்த நாயின் உடம்பு வேண்டாததைத் தள்ளிவிடும். குட்டியின் உடம்புக்கு அது தெரியாது. கொடுத்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் எலும்பு கோணும், மூட்டு கெடும்.

முரளி: எனக்கு மட்டும் சின்ன வயதில் டானிக்காக ஊற்றினீர்களே?

கமலா: உன்னைப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

முரளி: குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தானே அக்கா பார்க்க அழகு?

கமலா: இந்த இனம் மெதுவாகத்தான் வளர வேண்டும். இளம் மூட்டில் கூடுதல் எடை ஏறினால் பின்னால் இடுப்பு பிரச்சினை வரும். கையைக் கொடு. முஷ்டியை மடக்கி, அந்த முட்டிகளைத் தடவிப் பார். விலா எலும்பு இப்படி இருந்தால் ரொம்ப மெலிவு. இப்போது விரித்து உள்ளங்கையைத் தடவு. இப்படி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. அடுத்து புறங்கை. மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படுகிறதா? அதுதான் அளவு.

முரளி: (தன் விலாவைத் தடவிக்கொண்டே) எனக்கு உள்ளங்கைதான்.

கமலா: அதற்குத்தான் ஷூ வாங்கியிருக்கிறாயா?

முரளி: ஆமாம். குட்டி வந்த மறுநாளே இரண்டு பேரும் ஓடப்போகிறோம். தினமும் 5 கிலோமீட்டர்.

கமலா: நீ ஓடு, அது வேடிக்கை பார்க்கட்டும். எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு, எலும்பு நீள்வது அங்கேதான். பெரிய இனங்களுக்கு அது மூட ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை கட்டாய ஓட்டம் கூடாது, உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது. தானாகப் புல்லில் விளையாடட்டும். களைத்தால் அதுவே படுத்துவிடும். மாடிப்படியிலும் சும்மா ஏறி இறங்க விடாதே.

முரளி: என் வீடே மாடியில்தானே இருக்கிறது?

கமலா: தூக்கிக்கொண்டு ஏறு.

முரளி: எத்தனை நாளைக்கு?

கமலா: வரும்போது 8 கிலோ இருக்கும். 4 மாதத்தில் 20 தாண்டும். உன் முதுகே நாளைச் சொல்லும்.

முரளி: இரவிலாவது தூங்க விடுமா?

கமலா: குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்கும். ஆனால் நீ தூங்கும் நேரத்தில் தூங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும் வெளியே கொண்டு போக வேண்டும்.

முரளி: மாடியிலிருந்து.

கமலா: தூக்கிக்கொண்டு.

முரளி: (பெருமூச்சுடன்) தடுப்பூசி முடியும் வரை வெளியே விடக் கூடாது என்கிறார்களே? தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கமலா: 16 வாரம் வரை ஊசி போகும். ஆனால் பயமில்லாமல் உலகத்தைப் பழகும் பருவம் 14 வாரத்தோடு மூடிக்கொள்ளும். குடை, தாடி, ஹெல்மெட், குழந்தைகள் கூச்சல், எல்லாம் அதற்குள் காட்டிவிட வேண்டும். ஊர் நாய்கள் நடமாடும் தரையில் மட்டும் இறக்கக் கூடாது.

முரளி: இறக்காமல் எப்படிக் காட்டுவது?

(கமலா பேசாமல் அவனுடைய கைகளைப் பார்க்கிறாள்.)

முரளி: புரிந்தது.

கமலா: வாசலில் உன் மேல் தாவினால் கொஞ்சாதே. நாலு காலும் தரையில் இருக்கும்போதுதான் தடவிக்கொடுக்க வேண்டும். 8 கிலோ தாவினால் பாசம். 70 கிலோ தாவினால் மாவுக்கட்டு.

முரளி: வேறு?

கமலா: இந்த இனத்துக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடு. சாப்பிட்டதும் ஆட விடாதே. என்றைக்காவது வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதே. முதலில் வண்டியை எடுத்து மருத்துவரிடம் போ. எனக்கு போன் அப்புறம்.

முரளி: சரி அக்கா. இது விளையாட்டில்லை, நினைவு வைத்துக்கொள்கிறேன்.

கமலா: 4 மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும். 28 போய் 42 வரும். வயர், செருப்பு, ரிமோட் எல்லாம் மேலே ஏற்றிவிடு.

முரளி: எவ்வளவு மேலே?

கமலா: அது எட்டாத உயரம் உன் வீட்டில் மின்விசிறி மட்டும்தான். அதை விடு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாயா?

முரளி: அன்றைக்கே சொல்லிவிட்டேன். நாய்க்குட்டி வருகிறது என்றேன். 'தாராளமாக வளருங்கள் தம்பி' என்றார்.

கமலா: என்ன இனம் என்று சொன்னாயா?

முரளி: அவர் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டார்.

கமலா: என்ன பெயர்?

முரளி: கடுகு.